ரத்ததானத்துக்குக் காப்புக் கட்டியவள்

அந்த ஆண்டுக் கல்லூரி மலரின் கடைசிப் பக்கங்களில் அம்சவள்ளியைப் பற்றி இப்படி அச்சாகியிருக்கிறது: "இரண்டாம் ஆண்டு வரலாறு பயிலும் செல்வி அம்சவள்ளி நல்ல உடல்நலமும் அமைதியான சுபாவமும் உடையவர். ஆசிரியர் சொல்லைத் தட்டாதவர். தம் குருதியை மனமுவந்து ஈந்து கல்லூரிக்குப் பெருமை சேர்த்தவர்."

இதில் பெயரும் வகுப்பும் சரி. மற்றதற்கெல்லாம் மலர்க் குழுவினர்தான் பொறுப்பு.

உடல்நலம் என்றால், அவள் நடந்து வந்தால் புடவை மட்டும் தனியாக வருவதுபோல இருக்கும். அமைதி என்றால், வரலாற்று வகுப்பில் அவள் சந்தேகம் கேட்டால் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பதில் சொல்வார்கள். அது பிறவிக் குரல் அல்ல, தொழிலில் வந்தது. அவளுடைய அம்மாவும் அப்பாவும் மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டும் கூலிகள். கரும்புக் கொல்லைக்குள் போன ஆளைக் கண்ணால் தேடிப் பிடிக்க முடியாது, கூப்பிட்டுத்தான் பிடிக்க வேண்டும். கஞ்சித் தூக்கோடு வரப்பில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த குரல் அது. ஆசிரியர் சொல்லைத் தட்டாதவர் என்பதை யார் எழுதினார்களோ தெரியாது. விலங்கியல் பேராசிரியர் அரங்கநாதன் நிச்சயமாக எழுதியிருக்க மாட்டார்.

அரங்கநாதன்தான் அந்தக் கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்துக்குப் பொறுப்பு. முதல் ஆண்டில் சேர்ந்த கையோடு அம்சவள்ளி அவரிடம் போய்ப் பெயர் கொடுத்தாள். சேவை உணர்ச்சி பொங்கியதால் என்று அவள் சொல்லவில்லை. "முகாம் போனா மூணு வேளையும் சாப்பாடுன்னாங்க சார்" என்றாள். அரங்கநாதன் சிரிக்காமல் பெயரை எழுதிக்கொண்டார். அந்த ஆண்டு ஏழை மாணவியருக்குச் சேலை வழங்கும் விழா நடந்தது. காலையில் மேடை ஏறிச் சேலை வாங்கிய அம்சவள்ளி, மத்தியானம் அதே மேடைக்குக் கீழே தொண்டர் பட்டையைக் குத்திக்கொண்டு மற்றவர்களுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தாள். தருமம் வாங்குகிறவர் யார், செய்கிறவர் யார் என்று கல்லூரி வைத்திருந்த இரண்டு வரிசையிலும் அவள் நின்றாள். இரண்டிலும் முண்டியடித்துத்தான் நின்றாள்.

அடுத்த ஆண்டு முகாம் கல்வராயன் மலையில். ஒரு மலைக் கிராமத்துக்குப் பாதை செப்பனிடுவது திட்டம். பிள்ளைகள் பாதி நேரம் கல் பொறுக்கினார்கள், மீதி நேரம் போட்டோவுக்கு நின்றார்கள். முகாம் முடியப்போகும் சமயம் அந்த ஊரில் ஆண்டாள் என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டு, உதிரம் நிற்காமல் போயிற்று. ஒரு கழியில் போர்வையைக் கட்டி, அதில் அவளைக் கிடத்தி, ஊர் ஆண்கள் தோள்மாற்றித் தோள்மாற்றி அடிவாரத்துக்குச் சுமந்தார்கள். அங்கிருந்து ஒரு லாரியில் கள்ளக்குறிச்சி. மாணவர்களும் கூடவே போனார்கள். அதுவரை அவர்கள் செய்த சேவையிலெல்லாம் உருப்படியானது அதுதான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்டார்கள். "ஆள் கொண்டாங்க, எடுத்துட்டுத்தான் ஏத்துவோம்" என்றார்கள். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். சுமந்து வந்த மலைக்காரர்கள் பயந்து பின்வாங்கினார்கள் என்றால் அதில் அதிசயமில்லை. ஊசியையே அன்றுதான் பார்த்தார்கள். அதிசயம் மாணவர்கள்தான். ஒருவனுக்குப் பஸ் நேரம் ஞாபகம் வந்தது. ஒருவனுக்கு முந்தாநாள் வந்த காய்ச்சல் திரும்ப வந்தது. வணிகவியல் மூன்றாம் ஆண்டு சின்னராசு என்று ஒருவன், கயிறு இழுக்கும் போட்டியில் கடைசி ஆளாகக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றால் எதிரணி எட்டு பேரும் அவன் காலடிக்கு வந்து சேர வேண்டும், அப்படிப்பட்ட உடம்பு. அவன் டீ குடிக்கப் போனான். போனவன் போனவன்தான்.

அம்சவள்ளி கையை நீட்டினாள். நர்ஸ் அவளை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு இறக்கினார்.

"நாப்பத்தஞ்சு கிலோ வேணும்மா. உனக்கே யாராவது ஏத்தணும் போலருக்குது."

கடைசியில் லாரிக் கிளீனர் கொடுத்தான். ஆண்டாள் பிழைத்தாள். கிளீனரின் பெயரைக்கூட யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. வழியில் நிறுத்தின லாரியை எடுக்க நேரமாகிவிட்டது என்று டிரைவர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே அவன் போனான்.

மறுவாரம் அம்சவள்ளி அரங்கநாதன் முன்னால் நின்றாள்.

"சார், நம்ம காலேஜ்ல ரத்ததான முகாம் வைக்கணும்."

"போன வருஷமே வெச்சோமேம்மா. ஏழு பேர் வந்தாங்க. அதுல மூணு பேர் பிஸ்கட்டுக்கு வந்தவங்க. இனிமே இந்தப் பக்கம் வண்டி வராதுன்னு விழுப்புரத்து ரத்த வங்கி டாக்டரம்மா சொல்லிட்டுப் போனாங்க."

"அவங்க நெம்பர் குடுங்க சார், நான் பேசறன்."

அவள் பேசினாள். கல்லூரி அலுவலகத் தொலைபேசியில் அவள் பேசியதற்குத் தொலைபேசியே தேவைப்பட்டிருக்காது என்பது அலுவலக உதவியாளரின் கருத்து. மறுமுனையில் இருந்த டாக்டரம்மா கறாரான மனுஷி. ஐம்பது பேர் கொடுத்தால் ஒன்று செய்வதாக ஒப்புக்கொண்டார். அந்தக் கணக்கில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ரத்தம் இருப்பு வைப்பார்கள். மலையிலிருந்து பிரசவத்துக்கு வரும் பெண்களிடம் ஆள் கொண்டா என்று கேட்க மாட்டார்கள். ஐம்பதுக்கு ஒன்று குறைந்தாலும் பேச்சு இல்லை. வண்டி வருவதும் அதுவே கடைசி.

ஆக, மலையில் இன்னொரு ஆண்டாளுக்கு லாரிக் கிளீனர் வாய்ப்பானா மாட்டானா என்பது இப்போது ஐம்பது கைகளைப் பொறுத்தது. அந்தக் கைகளோ டீக்கடையில் இருந்தன.

அரங்கநாதன் தமக்குத் தெரிந்த வழியில் முயன்றார். ரத்தம் எப்படி ஊறுகிறது என்று படம் வரைந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். கல்லூரி நாள் போட்டிகளோடு இதையும் சேர்த்து, அதிகம் கொடுக்கும் துறைக்குச் சுழற்கேடயம் என்று அறிவித்தார். கேடயம் வேலை செய்தது. துறை என்று வந்துவிட்டால் அந்தக் கல்லூரியில் பிள்ளைகளுக்கு ரத்தம் கொதிக்கும். எடுக்க விடுவார்களா என்பது வேறு கேள்வி. வணிகவியல்காரர்கள் மேளம் ஏற்பாடு செய்தார்கள். வரலாற்றுக்காரர்கள் கோஷம் எழுதினார்கள். கேட்டவர்களெல்லாம் கை தூக்கினார்கள். சின்னராசு இரண்டு கையையும் தூக்கினான்.

"இதுங்க வராதுங்க சார்" என்றாள் அம்சவள்ளி.

"ஏம்மா, அத்தனை பேரும் சத்தியம் பண்றாங்களே?"

"ஆஸ்பத்திரியிலயும் டீ குடிச்சிட்டு வரன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் போனாரு சின்னராசண்ணன். காப்புக் கட்டணும் சார்."

"என்னது?"

"காப்பு. மஞ்சக் கயிறு."

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதை அரங்கநாதனுக்கு விளக்க வேண்டியதில்லை. அவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். மஞ்சள் கிழங்கு கோர்த்த கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டவன் தீ மிதிக்கிறேன் என்றால் மிதித்தாக வேண்டும். திருவிழா முடிந்து அவிழ்க்கும்வரை கவிச்சி சாப்பிடக் கூடாது. நடுவில் அறுத்துப் போட்டவன் கதையை அந்தந்த ஊரில் இன்றைக்கும் நடுங்கிக்கொண்டே சொல்வார்கள்.

"இது அறிவியல் நிகழ்ச்சிம்மா" என்றார் அரங்கநாதன்.

"போன வருசமும் அறிவியல்தான சார்? ஏழு பேரு வந்தாங்க."

அரங்கநாதன் தலையாட்டிவிட்டார். முகாமுக்கு முதல் நாள் மத்தியானம், தானும் குளித்துத் தலைமுழுகி, மாரியம்மன் கோயிலில் வைத்து எடுத்துவந்த கயிறுகளை ஒரு தாம்பாளத்தில் பரப்பிக்கொண்டு, கல்லூரி வாசல் வேப்பமரத்தடியில் அம்சவள்ளி உட்கார்ந்தாள். கை தூக்கினவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வராதவர்களைக் குரலால் வரவழைத்தாள்.

"இன்னாண்ணே, அன்னிக்கி ரெண்டு கையத் தூக்கன. எந்தக் கையில கட்ட?"

"யம்மா தாயே, சும்மா தமாசுக்குத் தூக்கனா கயிறே எடுத்தாந்துட்டியா நீ?"

"கட்டிக்கலன்னா சொல்லிடுங்க. மேளக்காரங்க பக்கத்துலதான் இருக்காங்க, அவங்களாண்ட சொல்லிடறன், அவங்க மத்தவங்களாண்ட சொல்லிக்குவாங்க."

சின்னராசு வலது கையை நீட்டினான்.

அறுபது பேருக்கு மேல் கட்டினாள். அரங்கநாதனுக்கும் கட்டினாள். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது. எல்லாம் அவள் நினைத்தபடி நடந்தது, நாலு மணி பஸ் வரும்வரை.

சங்கராபுரம் பஸ்ஸில் ஏறப்போன ஒருத்தி படியில் கால் வைத்துவிட்டு எடுத்தாள். "ஏய், காப்புக் கட்டிக்கினு எல்லையத் தாண்டி ராத்தங்கக் கூடாதே?" என்றாள். ஏறியிருந்தவர்கள் இறங்கினார்கள். காப்புக் கட்டும் யோசனையில் அம்சவள்ளி எல்லையை மறந்துவிட்டாள். ஊரில் காப்புக் கட்டினால் கட்டியவர் வீடும் அதே ஊரில்தான் இருக்கும். எல்லை தாண்டும் பேச்சே எழாது. இங்கே அவள் விடுதியில் இருக்கிறவள். மற்ற பிள்ளைகளோ சங்கராபுரத்திலும் எலவனாசூர்கோட்டையிலும் வீட்டை வைத்துக்கொண்டு, கள்ளக்குறிச்சியில் காப்பைக் கட்டிக்கொண்டு, நடுவில் நின்றார்கள். பஸ் காலியாகப் போயிற்று. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இன்னா, ஸ்டிரைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சின்னராசுதான் சட்டம் பேசினான். "எல்லைன்னா எது? பஸ் பாஸ் எது வரைக்கும் செல்லுதோ அதுவரைக்கும் எல்லைன்னு வெச்சுக்கலாம். எம் பாஸு எலவனாசூர்கோட்டை வரைக்கும் செல்லுது."

பாதிப் பேர் தலையாட்டியும் விட்டார்கள். ஆனால் சேதி அவர்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் சோற்றுக் கூடையோடு ஓர் அம்மாள் வந்து இறங்கினார். சின்னராசுவின் தாயார் ராணியம்மாள். எலவனாசூர்கோட்டையில் சொந்த நிலத்தில் ஆட்களை வைத்துப் பயிர் செய்கிறவர். ஆட்களோடு தாமும் இறங்கி நடவு நடுகிறவர். மகனுக்கு உடம்பு எங்கிருந்து வந்தது என்பது பார்த்ததும் தெரிந்தது.

"யாருய்யா இங்க வாத்தியாரு? எந்த அம்மனுக்குத் திருவிழா, எங்கூட்டுப் பையனுக்குக் காப்புக் கட்டியிருக்கீங்க?"

"அம்மனுக்கு இல்லீங்கம்மா" என்றார் அரங்கநாதன். தம் கையிலிருந்த கயிற்றைச் சட்டைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டார். "ரத்ததானத்துக்கு."

"அதுக்கு இன்னாத்துக்குக் காப்பு?"

"ஓடிடுவாங்கன்னுதாம்மா" என்றாள் அம்சவள்ளி. மலையில் நடந்ததைச் சொன்னாள். கழியில் கட்டின போர்வையையும், லாரியையும், டீக்கடையையும் சொன்னாள். டீ குடிக்கப் போனது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. சின்னராசு அவளைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்தான்.

"எம்மா, எல்லை பஸ் பாஸ் வரைக்கும்னு..." என்று ஆரம்பித்தான்.

"வாய மூட்றா. கவருமெண்டு எல்லை வேற, அம்மன் எல்லை வேற. ஏ பொண்ணு, கட்டனது கட்டிட்ட. இதுங்க எல்லாம் ராவிக்கு இங்கதான் படுக்கணும். தாண்டிச்சுன்னா குத்தம் எங்கூட்டு மேல வரும்."

கல்லூரி முதல்வர் வந்து பார்த்தார். விழா மண்டபத்தைத் திறந்துவிடச் சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை. பெண்கள் விடுதியிலும் ஆண்கள் மண்டபத்திலுமாகத் தங்கினார்கள். சேதி கேட்ட வீடுகளிலிருந்து சோறும் பாயும் வந்துகொண்டே இருந்தன. வாசலுக்கு நேராக ராணியம்மாள் பாயை விரித்தார். விடிந்ததும் எழுந்து நழுவிவிடலாம் என்று யாராவது நினைத்திருந்தால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். பிள்ளைகள் வருவார்களா என்பதுதான் அரங்கநாதனின் கவலையாக இருந்தது. இப்போது போக முடியாதவர்களாக ஒரு மண்டபம் நிறைய இருந்தார்கள். அம்சவள்ளியின் திறமையைவிட அவளுடைய மறதிதான் அதிகம் வேலை செய்தது.

காலையில் வண்டி வந்தது. முதல் ஆளாக அம்சவள்ளி எடைமேடையில் ஏறினாள். முள் நாற்பத்தைந்தில் நின்றது. அவள் இறங்கும்போது இடுப்பில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. வண்டியோடு வந்த நர்ஸ் அவளை ஓரமாகக் கூட்டிப்போய், உள்பாவாடையில் முடிந்திருந்த விடுதிச் சமையலறை எடைக்கற்களைக் கைநிறைய எடுத்துக்கொண்டு வந்தார்.

"இதுக்கு ரத்தம் இல்லம்மா" என்றார்.

வரிசை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கும் முன்பே சின்னராசு பிடித்துக்கொண்டான். "கட்டிவுட்டவளே குடுக்கல. நாங்க மட்டும் இன்னா இளிச்சவாயா? அவிழ்த்துவுடு, போறம்." பின்னால் நாலைந்து குரல்கள் ஆமாம் போட்டன. வரிசையின் வால் கலையத் தொடங்கியது. டாக்டரம்மா கையுறையைக் கழற்றலாமா என்பதுபோல அரங்கநாதனைப் பார்த்தார்.

அம்சவள்ளி தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். "எனக்குக் கம்மியா இருக்குது. இருந்தா குடுத்துட்டிருப்பன். உனக்கு ஜாஸ்தியா இருக்குது. அவ்ளோதான் வித்தியாசம். குடுத்துட்டு வா, அவிழ்க்கறன். குடுக்காதவங்க கயிறு கட்டனபடியே இருக்கும். நான் அவிழ்க்க மாட்டன். நீங்களா அறுத்துக்கறதுன்னா அறுத்துக்கங்க."

யாரும் அறுத்துக்கொள்ளவில்லை. யாரும் முன்னாலும் வரவில்லை. அந்த இடைவெளியில் ராணியம்மாள் சோற்றுக் கூடையை மகன் கையில் கொடுத்துவிட்டு எடைமேடையில் ஏறினார். முள் ஒரே ஓட்டமாக ஓடிற்று.

"எனக்குக் காப்பு இல்ல. எடுப்பியாம்மா?"

"எடுக்கலாங்கம்மா" என்றார் டாக்டரம்மா.

"எம்மா, உனக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்?" என்றான் சின்னராசு.

"நீ பொறந்தப்ப எவ்ளோ போச்சு தெரியுமாடா? இவங்க எடுக்கறத எடுத்தப்பறமும் நான் அரைக் காணி நடவு நட்டுடுவன். நவுரு."

தாய் ஒரு கட்டிலில் படுத்தார். மகன் கூடையோடு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கூடையை அரங்கநாதனிடம் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலில் படுத்து, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொடுத்துவிட்டு எழுந்து, பக்கத்துக் கட்டில்காரனுடைய பையில் ரத்தம் இறங்குவதைப் பார்த்தபோதுதான் மயங்கி விழுந்தான். கயிறு இழுக்கும் அணி முழுக்கச் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வெளியே மேளம் முழங்கியது. வணிகவியல்காரர்கள் ராணியம்மாளைத் தங்கள் துறைக் கணக்கில் எழுதினார்கள். அவர் மாணவியே இல்லை என்று வரலாற்றுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். "எந்தத் துறையில சேர்ந்தா இன்னா, வண்டியில சேர்ந்தா செரி" என்றாள் அம்சவள்ளி. சொந்தத் துறையே அவளைத் துரோகி என்றது. கொடுத்தவர்களுக்கு அவித்த முட்டை ஏற்பாடாகியிருந்தது. கையில் காப்பு இருக்கும்வரை முட்டையைத் தொட முடியாது. ரத்தம் கொடுக்கும்வரை காப்பு அவிழாது. வரிசையின் பின்னால் இருந்தவர்களை இந்த ஏற்பாடு வேகமாக முன்னால் தள்ளியது.

சிலரை டாக்டரம்மா திருப்பி அனுப்பினார். ரத்தம் போதாதவர்கள், மஞ்சள் காமாலை வந்து போனவர்கள், எடையில்லாதவர்கள். மண்டபத்தில் ஆள் குறையக் குறைய அம்சவள்ளி வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். மத்தியானத்துக்கு மேல் அரங்கநாதன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போய்ப் படுத்தார். பதினைந்து வருடமாக ரத்த ஓட்டம் பற்றிப் பாடம் நடத்துகிறவருக்கு அது முதல் தடவை என்பது ஊசி ஏறும்போது அவர் போட்ட சத்தத்தில் தெரிந்தது. ஐம்பதாவது ஆள் அவரா, அவருக்கு முன்னால் படுத்த சங்கராபுரத்துப் பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. மேளச் சத்தத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. வண்டியில் ஏறும்போது டாக்டரம்மாதான் சொன்னார்:

"அம்பதுக்கு மேலயே இருக்குது. சொன்னத செய்வேன்."

கேடயம் வணிகவியலுக்குப் போயிற்று. சின்னராசு அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கல்லூரியைச் சுற்றி வந்தான்.

அந்த ஐப்பசி மழையில் கல்வராயன் மலையிலிருந்து இன்னொரு பெண்ணைப் போர்வையில் சுமந்துகொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆள் கேட்கவில்லை. ரத்தம் ஏற்றினார்கள். கூட வந்தவர்கள் வராந்தாவில் நனைந்த துணியைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கும் ஓட வேண்டிய வேலை அவர்களுக்கு இருக்கவில்லை.

அம்சவள்ளி ஒரு சொட்டு ரத்தமும் கொடுக்கவில்லை. கொடுப்பதாகச் சொன்னவர்களுக்குக் காப்புக் கட்டினாள், அவர்கள் கொடுக்கும்வரை பக்கத்தில் நின்றாள், கொடுத்து எழுந்த ஒவ்வொருவர் காப்பையும் தன் கையாலேயே அவிழ்த்தாள்.